பக்கத்தின் தலையில் ஒரு வரி

ஊறிய உளுந்தைக் கிரைண்டரில் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, சுவிட்சைத் தட்டிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள் பரிமளா. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று மின்னி மின்னி அவளுக்காகக் காத்திருந்தது. எண்டரைத் தட்டினால் போதும், மற்றதையெல்லாம் தான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட், அந்தக் குட்டி நிரல், பார்த்துக்கொள்ளும் என்று தம்பி குமரேசன் ஓசூரிலிருந்து சொல்லியிருந்தான். போதும்தான், விரல்தான் போகவில்லை. காலையில் பார்த்த அந்தப் பெண்ணின் கைகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. செவித்திறன் மையத்தின் நடைவழியில், மகள் சஷ்டிகாவின் காதுக் கருவிக்குப் புது வயர் வாங்குவதற்காகப் பரிமளா காத்திருந்தபோது, எதிர் பெஞ்சில் ஒருத்தி தன் குழந்தையை மடியில் முன்னோக்கி உட்காரவைத்து, அதன் பிடரிக்குப் பின்னால் கை தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவாள், குழந்தையின் முகத்தை எட்டிப் பார்ப்பாள், மறுபடியும் தட்டுவாள். குழந்தை தன் கொலுசை உருட்டுவதில் முனைப்பாக இருந்தது. ஒரு முறைகூடத் திரும்பவில்லை. திரும்பியவள் பரிமளாதான். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் கழுத்து தானாகத் திரும்பிற்று. திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டபோதும் திரும்பிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அதே பெஞ்சில் அதே போல் தட்டித் தட்டிச் சிவந்த கைகளுக்குத் தாங்கள் இன்னும் தட்டிக்கொண்டிருப்பதாக எண்ணம் போலும். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க பாப்பாவுக்குங்களாக்கா?" என்றாள் அவள், பரிமளாவின் கையிலிருந்த பழைய வயரைப் பார்த்து. "ஆமாம்மா. இப்பக் காலேஜ் போறா." "பேசுமாங்க்கா?" "பேச்சை நிறுத்தச் சொன்னாத்தான் எங்களுக்குக் கஷ்டம்." அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்து, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "வீட்ல ட்ரெய்னிங் குடுங்கங்கறாங்க. என்னத்தைக் குடுக்கறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்கக்கா." "எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்மா, நெட்ல இருக்குது," என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து பரிமளாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். "தேடிப் பாத்துக்கறேங்க்கா," என்றாள் அந்தப் பெண். வயரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. அவள் பெயரைக் கேட்கவில்லை. எத்தனை விவரமாக வாழ்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், சொல்ல வேண்டிய ஒரே சொல்லை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

தேடிப் பார்ப்பாள். எப்படித் தேடுவாள்? 'செவித்திறன் மறுவாழ்வு' என்றா தேடுவாள்? அதெல்லாம் கதவுகளுக்கு மேலே மாட்டுகிற பெயர். அவளுக்குத் தெரிந்ததைத்தான் தட்டுவாள்: குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை. பரிமளாவும் அதைத்தான் தட்டினாள் அந்நாளில். வந்தவையெல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. அகராதியை வைத்துக்கொண்டு படித்ததில், குறிப்பிட்ட வயதுக்குள் சிகிச்சை செய்யாவிட்டால் மூளையின் கதவு சாத்திக்கொள்ளும் என்ற ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாகப் புரிந்தது. கதவு சாத்திக்கொள்ளுமாம். யாராவது ஒருத்தி, நானும் இப்படித்தான் இருந்தேன் என்று தமிழில் ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றிற்று. ஒருவரும் எழுதி வைக்காததனால் தானே எழுதினாள். இன்று வீட்டுக்கு வந்த கையோடு அந்த மூன்று சொற்களை அவளே தட்டிப் பார்த்தாள். அவளுடைய தளம் வந்தது, எங்கேயோ கீழே, ஊறுகாயைப் போல ஓரத்தில். வந்ததன் அடியில் என்ன எழுதியிருந்தது? 'முகப்பு பதிவுகள் படங்கள் தொடர்புக்கு.' அவ்வளவுதான். இதைப் பார்த்து எந்தத் தாய் நிற்பாள்? குமரேசனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, அவன் வேலைக்கு நடுவே பொறுமையாக விளக்கினான்: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், படிக்கிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில், இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும், அதற்குத்தான் மெட்டா டேக் என்று பெயர், அது இல்லாவிட்டால் தேடுபொறி கையில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிடும். "இதைப் போட்டா முன்னாடி வந்துருமாடா?" "முன்னாடி எல்லாம் வராதுக்கா. ஆனா வந்த இடத்துல, பாக்கறவங்க நின்னு பாப்பாங்க." நின்று பார்த்தால் போதும். திரும்பிப் பார்க்க வைப்பதைத் தவிர அவள் இதுவரை வேறு எதற்குத்தான் பாடுபட்டாள்?

கையாலேயே எழுதிவிடலாம் என்றுதான் முதலில் தொடங்கினாள். பள்ளி சேருகிற வரைக்கும் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதி வைத்தவள். பக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரு பக்கத்தைத் திறப்பாள். இது எதைப் பற்றியது என்று ஒரு வரியில் சொல்வதற்காகப் படிப்பாள். படித்தால் அந்த நாள் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். வெளியே வருவதற்குள் காப்பி ஆறியிருக்கும். மூன்று பக்கங்களோடு சோர்ந்துபோனாள். ஒரு நாளை ஒரு முறை வாழ்ந்தது போதாதா? "நீ படிக்கவே படிக்காதக்கா. ஸ்கிரிப்ட் எழுதித் தர்றேன். ஒவ்வொரு பக்கத்துலயும் முதப் பத்தி எதுவோ அதை எடுத்துத் தலையில போட்டுரும். அதுக்கு அழுகை வராது பாரு," என்றான் குமரேசன். அந்தக் கடைசிச் சொல்தான் அவளை உறுத்திற்று, ஆறுதலாகவும் இருந்தது. அழத் தெரியாத ஒன்று தன் பக்கங்களையெல்லாம் வரிசையாகத் திறந்து மூடப்போகிறது. இருக்கட்டுமே. அரைப்பதற்குக்கூட இயந்திரம் வந்தபிறகு ஆட்டுக்கல்லோடு யார் மல்லுக்கட்டுகிறார்கள்? உள்ளே கிரைண்டர் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. உளுந்து இன்னும் உடையவில்லை, கல்லோடு முரண்டு பிடிக்கிறது. பரிமளா எண்டரைத் தட்டினாள்.

வரிகள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு பக்கத்தின் பெயரும், அதன் நேரே அதன் தலையில் ஏறப்போகிற வரியும். முதல் பக்கம்: வேலும் மயிலும் துணை. சரி. இரண்டாம் பக்கம்: வேலும் மயிலும் துணை. மூன்றாம் பக்கம்: வேலும் மயிலும் துணை. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். திரை நெடுகிலும், மேலேயிருந்து கீழே, ஒரே வரி மழையாக இறங்கிக்கொண்டிருந்தது. வேலும் மயிலும் துணை, வேலும் மயிலும் துணை. எழுதுகிற தாள் எதுவானாலும் உச்சியில் அதை எழுதாமல் அவள் கை நகர்ந்ததில்லை. தேர்வுத்தாளில் எழுதினாள், கல்யாணச் சாமான் பட்டியலில் எழுதினாள், இந்தப் பக்கங்களிலும் நடுவாக எழுதியிருக்கிறாள். எழுதி எழுதி அது கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. படிக்கும்போதெல்லாம் பார்வை அதன் கீழிருந்துதான் தொடங்கும். இப்போது அந்தப் பெண் தேடுவாள். வேலும் மயிலும் துணை என்று வரும். ஏதோ கோயில் பக்கம் என்று கும்பிட்டுவிட்டுக் கடந்துவிடுவாள். பழைய வரிகளாவது இருந்தன, அவையும் போய்விட்டனவா? உடனே தம்பியைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் அவன் வெடித்துச் சிரித்தான். "அக்கா, உலகத்துலயே முருகனுக்குப் பெரிய வெப்சைட்டு இன்னைக்கு உன்னுதுதான்." "சிரிக்காதடா. எல்லாம் போச்சா?" "ஒண்ணும் போகலை. காப்பி எடுத்து வெச்சுக்கன்னு எதுக்குச் சொன்னேன்? அதை எடுத்துப் பழைய இடத்துல போடு. ஸ்கிரிப்டுல முதப் பத்திக்கு ஒண்ணுன்னு இருக்கும், அதை ரெண்டாக்கு. இந்த வாட்டி எழுத வேணாம், சும்மா காட்டுன்னு சொல்லு. பாத்துட்டு அப்புறம் எழுதலாம்." "சரிடா." "அக்கா, கோவிச்சுக்காத, நானும் முதப் பத்தியில என்ன இருக்குன்னு பாக்கலை. நம்ம வீட்டுப் பழக்கம், எனக்கும் கண்ணுக்குப் படலை." அவனும் பரீட்சைத் தாளில் அதை எழுதித்தான் இஞ்சினியர் ஆனான்.

நகலைப் பழைய இடத்தில் வைத்தாள். ஒன்றை இரண்டாக்கினாள். காட்டு என்றாள். காட்டிற்று. 'இன்றும் திரும்பவில்லை.' 'தட்டைப் பின்னால் போட்டு உடைத்தேன். திரும்பவில்லை.' 'இன்று அவர் என்னோடு பேசவில்லை. இது யார் பக்கத்து வழியில் வந்த குறை என்று அவர் அம்மா கேட்டார்.' 'குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.' 'இன்றும் ஒன்றுமில்லை.' கையை வாயில் வைத்துக்கொண்டாள் பரிமளா. இவையெல்லாம் தான் எழுதியவையா? எழுதியவைதான், ஒவ்வொரு நாளும் எழுத உட்காரும்போது நெஞ்சில் எது அடைத்துக்கொண்டிருந்ததோ அதை முதலில் இறக்கி வைத்திருக்கிறாள், இறக்கி வைத்தபிறகுதான் என்ன செய்தோம், எந்த ஒலியைச் சொன்னோம், எந்தப் பொம்மையை எடுத்தோம் என்று விவரம் எழுதக் கை வந்திருக்கும். ஆனால் தேடுகிறவள் விவரத்தையா பார்க்கப்போகிறாள்? அவளுக்குத் தெரியப்போவது இந்த ஒரு வரி. குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்று அவள் கேட்பாள்; திரும்பவில்லை என்று இவள் பதில் சொல்வாள். நல்ல பதில். கதவு சாத்திக்கொள்ளும் என்ற அந்த ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழில் நூற்றுக்கணக்கான நகல் எடுத்துக் கொடுத்தது போல. அவற்றையெல்லாம் அழித்துவிட்டு, இனிக்க இனிக்கப் புதிதாய் எழுதிவிடலாமா? கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று? அப்படிச் சொன்னவர்களை அவள் மன்னித்ததே இல்லை. அழுத பெண்ணுக்கு அழாத பெண் எழுதிய வரி எதற்கு ஆகும்? ஆனால் அழுகையை மட்டும் வாசலில் நிறுத்தி வைத்தால் யார் உள்ளே வருவார்கள்? உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவாள், மறைத்தால் நம்ப மாட்டாள். எண்ணம் செக்குமாடாய் இதையே சுற்றிச் சுற்றி வந்தது. கிரைண்டரின் ஓசை காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் கிரைண்டர் கூட ஒரு முறை அவளை ஏமாற்றியிருக்கிறது. இரண்டு வயதில் சஷ்டிகா அதன் தகர உடம்பைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்; நிறுத்தினால் சட்டென்று திரும்பிக் கோபமாக முறைப்பாள். கேட்கிறது, இவளுக்குக் கேட்கிறது என்று பரிமளா தெருவரைக்கும் ஓடினாள்; ரயில்வேயில் பணி முடிந்து வந்துகொண்டிருந்த கணவரைச் சைக்கிளோடு நிறுத்திச் சொன்னாள்; அவர் சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்து, கிரைண்டரைப் போட்டுப் போட்டு நிறுத்தினார். மறுநாள் மருத்துவர் மிக மென்மையாகச் சொன்னார், அது அதிர்வும்மா, கன்னத்தில் தெரிகிறது, காதில் இல்லை என்று. அந்த நாளின் பக்கம் எது? அதன் இரண்டாம் பத்தி என்ன? தேடிப் பார்க்கத் துணிவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றி வீசுகிற ஓசை கேட்டது. சஷ்டிகா கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள். பையை நாற்காலியில் போட்டு, காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள்: பழைய வயர் வழியிலேயே செத்துப்போயிற்று என்று அதற்குப் பொருள். பரிமளா மேசை மேலிருந்த புது வயரை எடுத்துக் கொடுத்தாள். சஷ்டிகா அதைக் கருவியில் பொருத்தி, வட்டக் காந்தத்தைக் கூந்தலுக்குள் செலுத்தி, சிறுவயதில் அறுவை செய்து தலைக்குள் பதித்த கருவியின் மேல் ஒட்டவைத்தாள். ஒரு கணம் கண்ணை மூடியிருந்தவள், "அப்பாடா. பஸ்ஸுல பாதி வழி ஊமைப் படம் பாத்துட்டு வந்தேன்மா. கண்டக்டரு திட்டினாரு, என்னன்னே தெரியலை, தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன்," என்றாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், குனிந்து படிக்கத் தொடங்கினாள். மறைக்கலாமா என்று பரிமளாவின் கை ஒரு முறை எழுந்து தணிந்தது. "ஏம்மா, இவ்வளவு அழுமூஞ்சியாவா இருந்த? தட்டை வேற உடைச்சிருக்க. எந்தத் தட்டு?" "பீங்கான் தட்டு. உங்க பாட்டி வீட்டுச் சீரு." "நல்லவேளை எனக்குக் கேக்கலை." பரிமளாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. காலையில் பார்த்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். முருகன் செய்ததையும் சொன்னாள். இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, இத்தனை நாளும் கேட்காத ஒன்றை, தன்னை அறியாமலேயே கேட்டாள்: "இதெல்லாம் நாலு பேரு கண்ணுல படும்டி. உன்னைப் பத்தி ஊரே படிக்கும். உனக்குப் பரவாயில்லையா?" "இவ்வளவு நாளா ஒருத்தரும் படிக்கலைன்னுதானே மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருந்த? இப்ப என்ன புதுசா?" என்றாள் சஷ்டிகா, பிறகு குரலைத் தணித்து, "படிக்கட்டும்மா. அந்த அக்கா பாப்பாவுக்கும் என்னைப் போலத்தானே," என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள். "நீ எப்பவுமே இப்படித்தாம்மா. போன்ல கூட, வெயிலு, பஸ்ஸு, கால் வலின்னு ஒரு மணி நேரம் பொலம்பிட்டு, வெக்கறப்பத்தான் 'ஆங், இன்னாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு'ன்னு சொல்லுவ. விஷயம் எல்லாம் உனக்குக் கடைசியிலதான் இருக்கு. பாரு."

பரிமளா பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சஷ்டிகாவை எதிரே உட்காரவைத்து, தன் வாயைத் துணியால் மறைத்துக்கொண்டு, ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வதும், ஒலி கேட்டால் அவள் ஒரு பாசிமணியை டப்பாவில் போடுவதும் அந்த நாள்களின் கடைசி வேலையாக இருந்தன. அது முடிந்தபிறகு, படுக்கப் போகுமுன், பக்கத்தின் அடியில் அன்று என்ன நடந்தது என்று ஒரு வரி சேர்ப்பாள். அந்த வரிகளை அவள் யாருக்காகவும் எழுதவில்லை. நாளைக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது மறந்துவிடக் கூடாது என்று குறித்து வைத்தாள், அவ்வளவுதான். அழுகை மேலே இருந்தது, நடந்தது கீழே இருந்தது. இரண்டும் ஒரே நாள்தான், இரண்டும் மெய்தான். அழுகையை அழிக்க வேண்டியதில்லை. அது பக்கத்துக்குள்ளேயே இருக்கட்டும். உள்ளே வருகிறவள் அதையும் படிப்பாள், படித்து, இவளும் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள்தான் என்று தெரிந்துகொள்வாள். வாசலுக்கு இந்த வரி போதும். கடைசிப் பத்தியை எடு என்று எப்படிச் சொல்வது? ஓசூருக்கு ஒரு செய்தி போயிற்று. இரண்டு என்று இருக்கும் இடத்தில் கழித்தல் குறியோடு ஒன்று போடு, பின்னாலிருந்து எண்ணும் என்று பதில் வந்தது, கூடவே ஒரு மயிலின் படமும். பரிமளா அப்படியே போட்டாள். இந்த முறை சும்மா காட்டச் சொல்லவில்லை. எழுது என்றாள்.

வரிகள் ஓடின. 'இன்று ஒன்றுமில்லை. நாளைக்குத் தவில் பொம்மையை எடுத்துப் பார்க்க வேண்டும்.' 'தவிலுக்குக் கண்ணைச் சிமிட்டினாள்; தற்செயலாகவும் இருக்கலாம்.' 'தற்செயல் அன்று. மூன்று முறையும் சிமிட்டினாள்.' 'ம் என்றதும் மணியை டப்பாவில் போட்டாள்.' 'ஜன்னல் சாத்தியிருந்தும் மழையைக் கண்டுபிடித்தாள்.' 'இன்று ஒன்றுமில்லை. சளி பிடித்திருக்கிறது.' 'அவர் இன்று தானே அவளை உட்காரவைத்து ஆ, ஈ சொன்னார்.' 'கன்னத்தை வைக்காமல், கூடத்தில் நின்றபடியே, கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.' 'ஸ் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.' சஷ்டி நாளில் பிறந்தவள் என்று ஆசையாக வைத்த பெயரில், முதலெழுத்திலும் இரண்டாமெழுத்திலும், அவளுக்கு எளிதில் எட்டாத ஒலிகளையே வைத்துவிட்டோமே என்று எத்தனை நாள் நொந்துகொண்டாள்! பெயரை மாற்றிவிடலாம் என்று கணவர்கூடச் சொன்னார். மாற்றவில்லை. அந்தப் பெயரையே பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு, வீடு முழுவதும், மாதக்கணக்கில் நடந்தாள். சஷ்டிகா தன் தொலைபேசியில் எதையோ தட்டினாள். "குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை. இன்னும் பழசுதாம்மா வருது. முகப்பு, பதிவுகள்." "உடனே வராதுடி. அது வந்து படிச்சுட்டுப் போக நாலஞ்சு நாளாகுமாம்." "அதுக்குள்ள அந்த அக்கா தேடிட்டாங்கன்னா?" "மறுபடியும் தேடுவா." "எப்படித் தெரியும்?" பரிமளாவுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஒரு நாள் தேடிவிட்டு விடுகிற காரியமா அது? பால் காய்ச்சும்போது தேடுவாள், பஸ்ஸில் தேடுவாள், குழந்தை உறங்கும்போது அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேடுவாள். என்றைக்காவது ஒரு நாள் அந்த மூன்று சொற்களுக்கு அடியில் வேறொரு பெண்ணின் ஒரு வரி நிற்கும். நின்று, அவளைப் பேர் சொல்லாமல் கூப்பிடும்.

ஓட்டம் முடிந்துவிட்டது. கடைசியாக எழுதப்பட்ட வரி திரையின் அடியில் அசையாமல் நின்றது: 'பின்னாலிருந்து சஷ்டி என்று கூப்பிட்டேன். திரும்பி, என்ன என்று கேட்டாள்.' பரிமளா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். என்ன என்று கேட்டாளே அந்தக் குரல், அது எப்படி இருந்தது? மூக்கிலிருந்து வந்த மாதிரி, பாதி எழுத்தை விழுங்கிக்கொண்டு, யாரோ எழுப்பிவிட்ட எரிச்சலோடு. அதற்குப் பதில் சொல்லத் தோன்றாமல் ஈரத் துணியும் கையுமாகத் தான் நின்றது, வாசலில் கீரைக்காரி கூவிக்கொண்டிருந்தது, அன்று என்ன கீரை வாங்கினோம், வாங்கினோமா. யாரோ எங்கேயோ ஏதோ சொல்வது போலிருந்தது. "அம்மா." கீரை வாங்கவில்லை, வாங்க மறந்துவிட்டாள், அன்று ரசம்தான். "அம்மா, கிரைண்டர் சத்தம் மாறிடுச்சு. மாவு பொங்கிடுச்சு, போய் நிறுத்து. அம்மா!" ரசத்துக்கும் உப்பு போட மறந்து, கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அப்போது அவளுடைய பிடரிக்குப் பின்னால், மிக அருகில், பளீரென்று ஒரு கைதட்டல் விழுந்தது.

பரிமளா திரும்பிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே," என்றாள் சஷ்டிகா, தலையைச் சாய்த்து அவள் முகத்தை எட்டிப் பார்த்து. "கேக்குது."